ஆறாம் நம்பர் ஸ்பெக்ட்ராமீட்டர்

சேசு மரி சூசை

தஞ்சாவூர்
2.12.1997

தம்பி ஆல்பினுக்கு அண்ணி அருள்செல்வி எழுதுவது.

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. அதனால் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

நேற்று பல்கலைக்கழகப் பதிவாளர் ஆபீசில் என்னைக் கூப்பிட்டு உன் மனுவைக் காட்டினார்கள். சார்ஜாவில் உட்கார்ந்து நீ எழுதியதை உன் கூட்டாளி இராஜாங்கம், அங்கே கிளார்க்காக இருக்கிறவன், தன் கையாலேயே ஃபைலில் சேர்த்திருக்கிறான். முழுசும் படித்தேன். 'என் அண்ணன் அந்தோணிமுத்து இயற்பியல் துறையில் பதினான்கு வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து, வேலையில் இருக்கும்போதே இறந்தார், கருணை அடிப்படையில் அந்த வேலை அவர் மனைவிக்குப் போனது, எட்டாவது படித்த அவருக்குக் கருவிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்த எனக்கே அது வந்திருக்க வேண்டும்.' இதுதானே நீ எழுதியது? பதினான்கு வருடம் என்பதை மட்டும் சரியாக எழுதியிருக்கிறாய்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிட்ட இலையைக்கூட எடுக்கவில்லை. அதற்குள் ஒரு பேப்பரோடு வந்து, "அண்ணி, ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்து போடுங்க"ன்னு நின்றாய். நான் போடவில்லை. அன்றிலிருந்து நீயும் பேசவில்லை, பட்டுக்கோட்டையில் உன் அம்மாவும் பேசவில்லை. ஆறாவது படிக்கிற சான்ட்ராவை வைத்துக்கொண்டு நான் வேறு என்ன செய்வேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 31-ஆம் தேதி எனக்கு இரண்டு வருடத் தகுதிகாண் காலம் முடிகிறது. அன்றைக்குத்தான் என்னை நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். உன் மனுவையும் அன்றைக்கே எடுப்பார்களாம்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஓரளவு உண்மைதான். முதல் மாதம் எந்த ஒயரைத் தொடவும் பயந்தேன். இப்போது காலை ஒன்பது மணிக்கு லேபைத் திறப்பேன். பேட்டரிகளுக்குத் தண்ணீர் பார்ப்பேன். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கருவி என்று பட்டியலைப் பார்த்து எடுத்து வைப்பேன். பீரோக்களில் உன் அண்ணன் எழுதி ஒட்டிய சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. பழசாகிவிட்டது, மாற்றிவிடு என்றார்கள். மாட்டேன் என்றேன். ஒரு நாளைக்கு இருபது முறை அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். அது உனக்குப் புரியாது.

மனுவை நீயே திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

அருள்செல்வி


சார்ஜா
11.12.1997

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

கடிதம் வந்தது. நான் என்னவோ உங்களைத் தெருவில் நிறுத்தப் பார்க்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். வேலை என் பேருக்கு வந்தால் உங்களையும் சான்ட்ராவையும் நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா? அண்ணன் பிள்ளை எனக்குப் பிள்ளை இல்லையா?

இங்கே என் நிலைமை உங்களுக்குத் தெரியாது. ஒர்க்‌ஷாப் என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். ஒர்க்‌ஷாப்தான். ஒரு அறையில் பன்னிரண்டு பேர். கட்டிலுக்கு மேல் கட்டில், அதற்கு மேல் இன்னொரு கட்டில். நான் நடுவில். எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். கிளம்பும்போது ஊரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வழியனுப்பியது. அதனால் திரும்பி வரவும் முடியவில்லை.

நான் லீவு நாளெல்லாம் அண்ணனோடு அந்த லேபில் கிடந்தவன். திருகு எது, மரை எது என்று அவர் கைபிடித்துக் காட்டியது எனக்கு. நீங்கள் அப்போது ஒரு நாள்கூட உள்ளே வந்ததில்லை, டிபன் கேரியரை வாசலில் கொடுத்துவிட்டுப் போவீர்கள். கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்கிறேன். ஸ்பெக்ட்ராமீட்டர் என்றால் என்ன, அதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, சொல்லுங்கள் பார்ப்போம்.

மனுவைத் திரும்ப வாங்குவதாக இல்லை.

ஆல்பின்


சேசு மரி சூசை

தஞ்சாவூர்
23.12.1997

தம்பி ஆல்பினுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஸ்பெக்ட்ராமீட்டர் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே எனக்கு நன்றாகத் தெரிந்துபோய்விட்டது. இராஜாங்கம் எழுதி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 28 அறிவியல் நாள். அன்றைக்குப் பதினொரு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் செய்முறைப் போட்டிக்கு நம் துறைக்கு வருகிறார்கள். முதல் பரிசு வாங்குகிறவர்கள் ஐதராபாத்தில் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். நம் பக்கம் கமருன்னிஸா, மருதையன் என்று இரண்டு எம்.எஸ்ஸி. பிள்ளைகள். துறைத் தலைவர் பஞ்சநதம் சாருக்கு இது உயிர்ப் பிரச்சினை. இப்போதெல்லாம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்க மெட்ராசுக்கு ஓடுகிறார்கள், இந்த வருடம் எம்.எஸ்ஸி.யில் சேர்ந்ததே ஒன்பது பேர். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அருள்செல்வி, வெளியூர்ப் பிள்ளைங்க வர்றாங்க. லேபு பளபளன்னு இருக்கணும்மா."

அவ்வளவுதான் சொன்னார்.

வியாழக்கிழமை கிறிஸ்துமசுக்காக நம் பங்குக் கோயிலில் பீட விளக்குகளைத் தேய்க்க என் முறை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பித்தளை எப்படி ஆகும் என்று உனக்குத் தெரியும். கரைத்ததில் ஒரு சிரட்டை மிச்சம் இருந்தது. அதை வெள்ளிக்கிழமை லேபுக்குக் கொண்டுபோனேன். ஆறு ஸ்பெக்ட்ராமீட்டர். ஆறும் பித்தளை. நடுவில் வட்டத் தட்டு கருத்துக் கிடந்தது. மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. ஆறையும் தேய்த்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, சாமி, பீடத்தில் வைக்கலாம் போல இருந்தது. உன் அண்ணன் பார்த்திருந்தால் என்று நினைத்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் பூட்டினேன்.

சனிக்கிழமை காலை பழக வந்த கமருன்னிஸா குனிந்து பார்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அக்கா, கோடெல்லாம் எங்கக்கா?"

அந்த வட்டத்தைச் சுற்றி அரை டிகிரிக்கு ஒன்றாக எழுநூற்றிருபது கோடு இருக்குமாம். வெளிச்சம் எவ்வளவு திரும்புகிறது என்று அதை வைத்துத்தான் அளக்க வேண்டுமாம். நான் அழுக்கு என்று தேய்த்தது அந்தக் கோடுகளின் கருப்பை. இப்போது தட்டு முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஒரு கோடு கண்ணுக்குத் தெரியவில்லை.

மருதையன் குடவாசல் பக்கத்துப் பையன், வாய் சும்மா இருக்காது. "அக்கா, அப்படியே திரியும் எண்ணெயும் போட்டுட்டா ஏத்திடலாம்" என்றான். கமருன்னிஸா அவன் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள்.

பஞ்சநதம் சார் வந்தார். ஆறையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். "பளபளன்னு இருக்கணும்னு சொன்னவன் நான்தான். ஆனா மெமோ குடுக்காம விட முடியாதும்மா" என்றார். கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

நீ அவரோடு அங்கே கிடந்தவன் என்கிறாயே, அதனால் கேட்கிறேன். இதற்கு உன் அண்ணன் என்ன செய்திருப்பார்?

அருள்செல்வி


சார்ஜா
5.1.1998

அண்ணிக்கு,

படித்துவிட்டுச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நான் மனுவில் எழுதியது இதைத்தானே? பதினான்கு வருடம் அந்த வட்டத்தை அண்ணன் மெல்லிய துணியால்கூட அழுத்தித் துடைத்ததில்லை. நான் ஒரு முறை விரல் வைத்ததற்கு முதுகில் அறைந்தார். அதைப் போய்ப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள்!

இதையும் மனுவோடு சேர்க்கச் சொல்லி இராஜாங்கத்துக்கு எழுதப்போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ததாக நாளைக்கு நீங்கள் சொல்லக்கூடாது, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

அண்ணன் என்ன செய்திருப்பார் என்று கேட்டீர்கள். அவர் இதைச் செய்திருக்கவே மாட்டார். ஆனாலும் ஒன்று. அந்தக் கோடு மையால் போட்டது இல்லை. பித்தளையில் வெட்டியது. கருப்பு போனாலும் வெட்டு இருக்கும். நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். தட்டுப்பட்டால் கோடு சாகவில்லை என்று அர்த்தம். வழவழவென்று போனால் செத்துவிட்டது.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆல்பின்


சேசு மரி சூசை

தஞ்சாவூர்
26.1.1998

தம்பி ஆல்பினுக்கு,

தட்டுப்பட்டது.

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. துறை லீவு. வாட்ச்மேனிடம் கெஞ்சிச் சாவி வாங்கி உள்ளே போய் முதல் கருவியில் நகத்தை வைத்தேன். கரகரவென்று ஓடியது. அங்கேயே முழங்கால் போட்டு ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். இதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். மனுவில் சேர்ப்பதைச் சேர்த்துக்கொள்.

வெட்டு இருக்கிறது, கருப்பு வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு உன் அண்ணன் கல்லுக்கு வெள்ளையடித்துவிட்டு, பேருக்குக் கருப்பு வைத்தேன். எழுத்துக்குள் மட்டும் பெயிண்ட் வைக்க என் கை ஓடவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஆள், "ஏம்மா ஒவ்வொரு எழுத்தா தடவிக்கிட்டு? மொத்தமா பூசு. பூசிட்டு மேல மட்டும் வழி. பள்ளத்துல நிக்கிறது நிக்கும்" என்றார். அப்படியே செய்தேன். பேர் பளிச்சென்று நின்றது. எழுத்தில்லாத கல்லாக இருக்கக்கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அந்த ஆள் சொன்னதுதான் கைகொடுத்தது.

பஞ்சநதம் சாரிடம் சொன்னேன். கழித்துப்போட்ட பழைய கருவி ஒன்றை ஸ்டோரிலிருந்து எடுத்து, "இதுல செஞ்சு காட்டு. இதுல வந்தா அதுல" என்றார். பெயிண்ட் சரிப்படவில்லை, திட்டுத் திட்டாக உறைந்தது. பிறகு கோயிலில் கேட்டு வாங்கிவந்த துண்டு மெழுகை உருக்கி, விளக்குக் கரியைக் குழைத்து, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டேன். வட்டத்தில் தடவி, தபால் கார்டின் விளிம்பால் வழித்து, மரக்கட்டையில் இழுத்துக் கட்டிய துணியால் ஒரே ஒரு முறை துடைத்தேன். கமருன்னிஸா பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "அக்கா, முன்னாடி இருந்ததைவிட நல்லா இருக்கு. அது மங்கிப் போயி ஊகத்துலதான் படிச்சோம்" என்றாள்.

ஒன்பது நாளில் ஐந்து கருவி முடித்தேன். பிள்ளைகள் உதவினார்கள். சம்பா அறுப்புக்கு ஊருக்குப் போய்க் கையெல்லாம் வைக்கோல் கீறலோடு வந்த மருதையன் கரியைச் சலித்துக் கொடுத்தான்.

ஆறாவது கருவி ஆகவில்லை. அதைத்தான் நான் முதலில் தேய்த்தேன். தேங்காய் நாரால். இருநூற்றுப் பத்திலிருந்து இருநூற்றுப் பதினைந்து வரை வெட்டே தேய்ந்துவிட்டது. நகம் வழவழவென்று போகிறது. மற்ற இடம் நன்றாக இருக்கிறது. ஒரு சீட்டு எழுதி அதன் காலில் ஒட்டினேன்:

எண் 6. 210 முதல் 215 வரை கோடு இல்லை. தேய்த்துக் கெடுத்தது நான். அங்கே அளவு எடுக்க வேண்டாம். அருள்செல்வி, ஆய்வகம்.

மருதையன் பதறினான். "பேரை எதுக்குக்கா போடுறீங்க? பழுதுன்னு மட்டும் எழுதுங்க."

"பழுதுன்னு எழுதினா அதுவா ஆனமாதிரி இருக்கும்டா. நான்தானே பண்ணேன்."

"அந்த இராஜாங்கம் சார் பார்த்தா என்ன ஆகும் தெரியுமா?"

பார்த்துவிட்டான். நேற்று வந்து இரண்டு முறை படித்தான். சிரித்துக்கொண்டே போனான்.

இதையும் எழுதிவிடுகிறேன். கமருன்னிஸா என்னை உட்கார வைத்து, சோடியம் விளக்கைப் போட்டு, குழலில் கண்ணை வைக்கச் சொன்னாள். மஞ்சளாக ஒரு கோடு. திருகைத் திருப்பினாள். ஒன்று இரண்டாகப் பிரிந்தது. நடுவில் மயிரிழை இருட்டு. "எப்பவும் ரெண்டுதான்க்கா, நமக்குத்தான் ஒண்ணாத் தெரியுது" என்றாள். பதினான்கு வருடம் உன் அண்ணன் இதைத் தினம் பார்த்திருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். கொஞ்சம் கோபம் வந்தது. கோபம் வந்தது நல்லதாகத்தான் இருந்தது. அவர் போனதிலிருந்து அவர்மேல் கோபப்படவே இல்லை நான்.

அருள்செல்வி


சேசு மரி சூசை

தஞ்சாவூர்
2.3.1998

தம்பி ஆல்பினுக்கு,

ஜெயித்துவிட்டோம்!

முதலில் அதை எழுதிவிட்டேன். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

பதினொரு ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். நம்மோடு சேர்த்துப் பன்னிரண்டு ஜோடி. காலையில் ஆறு ஜோடி, மத்தியானம் ஆறு ஜோடி. மூடிய பெட்டிக்குள் ஒரு விளக்கு கொடுப்பார்கள். அதன் வெளிச்சத்தைப் பிரித்து, நிறம் நிறமாக அளந்து, விளக்குக்குள் என்ன ஆவி இருக்கிறது என்று மூன்று மணி நேரத்தில் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து நடுவராக ஒரு அம்மா வந்திருந்தார்கள். வெள்ளை முடி, பருத்திப் புடவை, சிரிக்கவே இல்லை.

எந்தக் கருவி யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். நம் கமருன்னிஸா எடுத்தாள். ஆறு.

பஞ்சநதம் சார் முகம் சுண்டிப்போனது. நடுவர் அம்மா கருவியின் காலில் இருந்த சீட்டைப் படித்தார்கள். தமிழ்தான் அவர்களுக்கும். "இதை மாத்திக் கொடுக்கணுமா?" என்று கேட்டார்கள். கமருன்னிஸா மருதையனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். "வேணாம் மேடம். எங்க தப்பு இருக்குன்னு தெரியுது. மத்ததுல எங்க இருக்குன்னு தெரியாது" என்றாள். கேட்டாயா பேச்சை!

உட்கார்ந்ததும் அவர்கள் முதலில் செய்தது, வட்டத்தின் பூட்டைத் தளர்த்தி அதைக் கால்வாசி சுற்றிப் பூட்டியது. அந்த ஐந்து டிகிரி ஆள் வராத மூலைக்குப் போய்விட்டது. பிறகு இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தர் படித்ததை இன்னொருவரிடம் சொல்லாமல் தனித்தனியாக எழுதினார்கள். கடைசியில் ஒத்துப் பார்த்தார்கள். நான் வாசலில் நின்று ஜெபமாலை உருட்டினேன்.

சாயந்தரம் முடிவு சொன்னார்கள். கேட்மியம் விளக்கு. நான்கு ஜோடிதான் அதைச் சரியாகச் சொன்னது. அளவில் உண்மைக்கு மிகவும் நெருங்கி வந்தது நம் பிள்ளைகள், ஆயிரத்தில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை. உடனே வெளியூர் வாத்தியார் ஒருவர் எழுந்து, "அவங்க லேபு, அவங்க கருவி. பழகின கைக்குச் சலுகைதானே" என்றார்.

நடுவர் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "சார், இருக்கறதுலயே கெட்ட கருவி அவங்களுக்கு விழுந்துச்சு. கெட்டதுன்னு ஊரறிய ஒட்டியிருக்கு. இதுல என்ன சலுகை? உங்க பிள்ளைங்க விடைத்தாள்ல பிழைகள்ங்கற இடத்துல என்ன எழுதியிருக்காங்க? ஒண்ணும் இல்ல. இந்தப் பொண்ணு அந்தச் சீட்டை அப்படியே எழுதி, அதுக்கு என்ன செஞ்சோம்னும் எழுதியிருக்கு." அதற்குப் பிறகு கேட்டார்கள்: "யார் இந்த அருள்செல்வி?"

இன்னொரு மெமோ என்றுதான் நினைத்தேன். மருதையன் என்னை முதுகில் தள்ளி முன்னால் கொண்டுபோனான். அந்த அம்மா எழுந்து நின்றார்கள், ஆல்பின். எனக்கு எழுந்து நின்றார்கள். "முப்பது வருஷமா லேபு லேபா போறேன். கெட்டுப்போனதை மறைச்சு வெச்சுப் பார்த்திருக்கேன். கெடுத்தவங்க பேர் போட்டு ஒட்டினதை இன்னிக்குத்தான் பார்க்கறேன். மத்த அஞ்சுலயும் கோடு எங்க ஊர்க் கருவியைவிடத் தெளிவா இருக்கு" என்றார்கள். ஹாலே கைதட்டியது. பெஞ்சைத் தட்டினார்கள். விசில் அடித்தார்கள். எந்த ஊர்ப் பிள்ளை என்று பார்க்காமல் எல்லாரும் தட்டினார்கள்.

ஹாஸ்டல் பையன்கள் செவ்வந்தி மாலை வாங்கிவந்து, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குப் போடுவது போல அந்த ஆறாம் நம்பர் கருவிக்குப் போட்டுவிட்டார்கள். "தண்ணி சொட்டுதுடா, எடுங்கடா பாவிகளா" என்று நான் கத்தக் கத்த மருதையன் ஆடினான். பஞ்சநதம் சார் அடுத்த வருடத்துக்கு எத்தனை பேர் சேருவார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கமருன்னிஸாவின் அத்தா கூட்டத்துக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று அழுதார்.

நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவரிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான். வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். மார்ச் 31-க்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த மெமோவையும் சீட்டையும் வைத்து அவர்கள் என்ன வேண்டுமானாலும் முடிவு செய்யட்டும். இது நடந்தது நடந்ததுதான்.

அண்ணி அருள்செல்வி


சார்ஜா
4.3.1998

அன்புள்ள அண்ணிக்கு,

போட்டி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. இதைப் போஸ்ட் செய்யும்வரை உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை.

இராஜாங்கம் ஒரு கவர் அனுப்பியிருந்தான். உள்ளே நீங்கள் ஒட்டிய சீட்டின் ஜெராக்ஸ். கூடவே டைப் அடித்த ஒரு பேப்பர். 'குற்றத்தை அவரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார், எனவே' என்று ஆரம்பித்திருந்தது. நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதும், இதோடு உன் அண்ணி கதை முடிந்தது என்று எழுதியிருந்தான்.

பேனாவை எடுத்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். பிறகு அந்தச் சீட்டை இன்னொரு முறை படித்தேன். தேய்த்துக் கெடுத்தது நான்.

அண்ணி, போன ஆகஸ்டில் இங்கே ஒரு பெரிய பம்பின் தண்டைக் கடையும்போது நான் அளவு தப்பிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். யாரும் பார்க்கவில்லை. அதை முடிந்த குவியலில் வைத்துவிட்டேன். பொருத்திய இடத்தில் அது உடைந்தது. பக்கத்து லேத்தில் வேலை செய்த பங்களாதேஷ்காரர் மேல் பழி விழுந்தது. அவருக்கு மொழி வராது, நான் இல்லை நான் இல்லை என்று கையைக் கையை ஆட்டினார். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவருடையது. பெட்டி கட்டும்போது என்னிடம் சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐ.டி.ஐ. படித்தவன் நான். எட்டாவது படித்தவர் நீங்கள்.

நேற்று ஃபோர்மேனிடம் போய்ச் சொன்னேன். கத்தினான். இப்போது சொல்லி என்ன என்றான். வேலையை விட்டு எடுக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை.

பதிவாளருக்கு இன்றைக்கே பதிவுத் தபால் அனுப்புகிறேன். மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரியில் எழுதினால் போதும் என்றார்கள். எனக்குப் போதவில்லை. கொஞ்சம் அதிகமாகவே எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

உங்கள் கொழுந்தன்
ஆல்பின்


சேசு மரி சூசை

தஞ்சாவூர்
2.4.1998

அன்புள்ள தம்பி ஆல்பினுக்கு அண்ணியின் ஆசீர்வாதம். நீ நன்றாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

முந்தாநாள் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். பதிவாளர், பஞ்சநதம் சார், இன்னொரு அதிகாரி. இராஜாங்கம் ஃபைலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான். மேலே மெமோ, அதற்கு மேல் உன் மனு, எல்லாம் அடுக்காக வைத்திருந்தான். பதிவாளர் தன் மேஜை டிராயரைத் திறந்து, உன் பதிவுத் தபாலை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அதை இராஜாங்கம் அப்போதுதான் பார்த்தான். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பதிவாளர் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். 'அந்த ஆய்வகத்தைப் பற்றி எனக்குத் திருகும் மரையும்தான் தெரியும். கெட்டதைக் கெட்டது என்று சொல்ல என் அண்ணிக்குத் தெரியும். கருவிகள் அவரிடம் இருப்பதே நல்லது' என்ற இடம் வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நன்றாக எழுதுவாய் என்று தெரியாது.

"கருவியைக் கெடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"கெடுத்தேங்க."

"சரி பண்ணீங்களா?"

"அஞ்சை சரி பண்ணேங்க. ஆறாவது ஆகலைங்க."

"இனிமே புளி?"

"ரசத்துக்கு மட்டுங்க."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பஞ்சநதம் சார் பெங்களூர் அம்மா எழுதி அனுப்பிய அறிக்கையை நீட்டினார். பதிவாளர் அதை முழுசும் படிக்கவில்லை, பாதியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். நிரந்தரம். உத்தரவை டைப் அடிக்கச் சொல்லி இராஜாங்கத்திடமே கொடுத்தார். என் பேரை அவன் தப்பில்லாமல் அடித்திருக்கிறான். இரண்டு முறை சரிபார்த்தேன்.

இன்னும் கேள். கமருன்னிஸாவுக்குப் பெங்களூரில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்துவிட்டது. படிப்பு போதும், மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த அவள் அத்தா இப்போது, "மாப்பிள்ளை காத்திருக்கட்டும், எம் பொண்ணு வெளிச்சத்தை அளக்கப் போவுது" என்று தெரு முழுக்கச் சொல்கிறாராம். மருதையன் பேர் பேப்பரில் வந்ததைக் குடவாசல் டீக்கடையில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். விசாரித்துக்கொண்டு இதற்குள் நான்கு பிள்ளைகள் துறைக்கு வந்துவிட்டார்கள்.

பதினெட்டாம் தேதி ஐதராபாத். அங்கே அவரவர் கருவியைக் கொண்டுபோக வேண்டும். எதைக் கொண்டுபோவது என்று சார் என்னைக் கேட்டார். இரண்டாம் நம்பர் என்றேன். அதுதான் இருப்பதில் நல்லது. கருவியோடு போகிற ஆள் நான். ரயில் டிக்கெட்டில் என் பேர் போட்டிருக்கிறது. சான்ட்ராவை உன் அம்மா வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஆள் விட்டிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு வருகிறார்கள். என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பங்களாதேஷ்காரர் பேரை நீ எழுதவில்லை. பேர் தெரியும்தானே? ஊரும் யாரிடமாவது கேட்டால் கிடைக்கும். ஃபோர்மேனிடம் சொன்னது சரி. அவருக்கும் ஒரு கடிதம் போடு. மொழி தெரிந்த ஆளை வைத்து எழுது. அவர் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள், உங்க வீட்டுக்காரர் எதையோ உடைத்துவிட்டு வந்தாராமே என்று ஊர் கேட்டுக்கொண்டிருக்கும்.

நீ பதில் எழுதும்போது வீட்டு முகவரிக்குப் போடாதே. இப்படிப் போடு: அ. அருள்செல்வி, ஆய்வகம், இயற்பியல் துறை. அங்கே தினம் ஒரு கட்டுத் தபால் வருகிறது. நான்தான் பிரித்து எல்லார் மேஜைக்கும் கொண்டுபோய் வைக்கிறேன். எனக்கென்று இதுவரை ஒன்றும் வந்ததில்லை.

உன் அண்ணி
அருள்செல்வி